தேசப்பன் அணைக்காத கம்ப்யூட்டர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் கம்பெனி ஒன்றில் தேசப்பனுக்கு எடை மேடையில் வேலை. லாரி மேலே ஏறும், நம்பர் விழும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பான். இருபத்தாறு வருஷமாக இதுதான். பொன்னேரியை அடுத்த ஆரணிப் பக்கத்து ஆள். அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். இவன் எட்டாவதோடு நின்று, பஸ் பிடித்துப் பொன்னேரிக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவன்.

அதற்காக மதிப்பில்லாத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கம்பெனியில் ஏசி ரூம் இரண்டுதான். ஒன்று மேனேஜருக்கு. இன்னொன்று தேசப்பனின் பழைய கம்ப்யூட்டருக்கு.

எடை போடப் புதுசு வந்ததும் பழையதைத் தூக்கிப் போட ஆள் வந்தது. தேசப்பன் ஒன்றுதான் சொன்னான்: "பழைய ரெக்கார்டு பூரா இதுலதான் கீது. நாளைக்கு ஆடிட்டர் கேட்டா நான் பொறுப்பில்ல." வேறு யாரும் பொறுப்பேற்க முன்வரவில்லை. பெட்டி தப்பியது, ஏசியும் கிடைத்தது.

உள்ளே ரெக்கார்டு ஒரு மண்ணும் கிடையாது. எல்லாம் கேம். ஸ்கிராப் லோடில் வந்து விழுந்த ஒரு ஹார்டு டிஸ்கை, காந்தக் கிரேன் இழுப்பதற்குள் எடுத்து ஒளித்து, எடை மேடை ரிப்பேருக்கு வந்த மெக்கானிக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்து மாட்ட வைத்தான். அதற்குள் மட்டையால் பந்தை அடித்துச் செங்கல் உடைப்பது, கார் ரேஸ், சுவர் ஏறிக் குதிக்கிற ஆள் என்று பதினோரு ஆட்டம். திரையில் மஞ்சளைத் தவிர வேறு கலர் கிடையாது.

சாப்பாட்டு வேளையில் ஆடுவான். ரெக்கார்டு பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு டிஸ்பேச் கல்பனா வருவாள், எலக்ட்ரீஷியன் அரசப்பன் வருவான். போன ஜி.எம். கதவைச் சாத்திக்கொண்டு ஆடியிருக்கிறார். செங்கல் ஆட்டத்தில் யார் எத்தனை பாயிண்ட் என்று பெயரோடு பட்டியல் நிற்கும். முதல் பெயர் தேசப்பனுடையது. ரேஷன் கார்டில்கூட மனைவி ஜெபாவுக்கு அடுத்ததாகத்தான் இவன் வருகிறான்.

ஒரே ஒரு பேஜார். டிஸ்க் கிழடு. நின்றால் உள்ளே ஒட்டிக்கொள்ளும், மறுபடி சுற்றாது, அணைக்கவே அணைக்காதே என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஒன்பது வருஷம் அது அணையவில்லை. புயலில் மூன்று நாள் கரண்ட் போனபோதும் ஜெனரேட்டரிலிருந்து முதல் வயர் அதற்குத்தான் போனது.

இந்த வருஷம் பார்த்திபன் என்று புது மேனேஜர். சின்ன வயசு, பெரிய படிப்பு. ஆயுத பூஜைக்குச் சகல மெஷினும் அணைய வேண்டும், பூஜை முடிந்ததும் தானே சுவிட்சு போடுவேன் என்று சொல்லிவிட்டார். அரசப்பன் வரிசையாக அணைத்துக்கொண்டு வந்தான்.

"இத்த மட்டும் வுட்டுடு நைனா."

"சாமிக்கு முன்னால உலையே அணைஞ்சிக்கீது. உன் பொட்டி இன்னா பெரிய இதுவா?"

"நாலு வருசமா ரெண்டாவது எடத்துல கீறோமேன்ற கடுப்பாடா?"

"இன்னா வேணா வெச்சிக்க. மேனேஜர் பாத்தார்னா என் தலைதான் உருளும்."

அணைத்துவிட்டான். சந்தனம், குங்குமம், மேலே ஒரு எலுமிச்சம்பழம். வாசலில் பூசணிக்காய் உடைந்தது. மேனேஜர் வந்து சுவிட்சைப் போட்டார். பெட்டிக்குள் ஃபேன் சுற்றியது. டிஸ்க் சுற்றவில்லை.

இருபது வருஷ ரெக்கார்டு தன் கையால் போயிற்று என்று மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. மறுநாளே சென்னையிலிருந்து எக்ஸ்பர்ட் வந்தான். பெட்டியைத் திறந்தான், காதை வைத்துக் கேட்டான், "டெட் சார்" என்றான், மிச்சமிருந்த பொரிகடலையைத் தின்றுவிட்டுப் போனான்.

"ரெக்கார்டே போச்சு, இனி பெட்டி எதுக்கு? ஸ்கிராப்ல போட்டுடுங்க," என்றார் மேனேஜர்.

தேசப்பனுக்கு ஒரு வழி தெரியும். மெக்கானிக் காட்டியதுதான். டிஸ்கை வயரோடு கையில் எடுத்து, கரண்ட் வரும்போது, இறுகிப்போன பாட்டில் மூடியைத் திருகுகிற மாதிரி வெடுக்கென்று ஒரு திருப்பு. ஆனால் ஓடினால் மேனேஜர் திறந்து காட்டச் சொல்வார். ஓடாவிட்டால் பெட்டி உலைக்குப் போகும், ஓடினால் இவன் வீட்டுக்குப் போவான். பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"ஸ்க்ரூ டிரைவர் குடு அரசப்பா."

மூன்றாவது திருப்பில் டிஸ்க் கிர்ரென்று சுற்றியது. மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். "ரெக்கார்டைக் காட்டுங்க."

வேறு வழியில்லை. உள்ளே இருப்பதில் ரெக்கார்டு என்று சொல்லத்தக்கது ஒன்றுதான். தேசப்பன் செங்கல் ஆட்டத்தின் பாயிண்ட் பட்டியலைத் திறந்தான். பெட்டி பீப் பீப் என்றது.

"என்ன சத்தம்?"

"பிரிண்டர் இல்லன்னு சொல்லுது சார்," என்றாள் கல்பனா.

மேனேஜர் குனிந்து படித்தார். "தேசா, நாப்பத்தெட்டாயிரத்து இருநூறு. அரசு, நாப்பத்தாறாயிரத்து தொள்ளாயிரம். இதெல்லாம் கிலோவா?"

"கிலோதான் சார்," என்றான் அரசப்பன். "ஆளுக்கு எடை போட்ட லோடு."

"நீங்க எலக்ட்ரீஷியன் ஆச்சே?"

"அப்போ ஆள் பத்தல சார்."

"இதென்ன, பழைய ஜி.எம். பேரு? அவருமா எடை போட்டார்?"

"ரொம்ப ஒழைச்சாரு சார்," என்றான் தேசப்பன். அன்றைக்கு அந்த ரூமில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

மேனேஜருக்குக் கண் கலங்கியது. "இவ்வளவு முக்கியமானதை இப்படித் திறந்து போட்டு வெச்சிருக்கீங்களே!"

ஒரே வாரத்தில் கண்ணாடி அலமாரி வந்தது. பெட்டி, திரை, கீபோர்டு எல்லாம் உள்ளே. தனி யுபிஎஸ். பூட்டு. சாவி மேனேஜர் மேஜையில். தொடக்கூடாது என்று சிவப்பில் ஒரு போர்டு.

இனி அது அணையாது. உலைக்கும் போகாது. கீபோர்டை யாரும் தொடாவிட்டால் செங்கல் ஆட்டம் தன்பாட்டுக்கு ஆடும். சாப்பாட்டு வேளையில் மூன்று பேரும் டிபன் பாக்ஸோடு கண்ணாடிக்கு வெளியே நிற்கிறார்கள். பந்து இடது பக்கம் வருகிறது, மட்டை வலது பக்கம் ஓடுகிறது.

"லெப்ட்ல போ! லெப்ட்ல!" தேசப்பன் கண்ணாடியைத் தட்டுகிறான்.

வெளியூர் ஆபீசர்களை அழைத்துக்கொண்டு மேனேஜர் அந்தப் பக்கம் வருகிறார். "சத்தம் போடாதீங்க. பேக்கப் ஓடிட்டிருக்கு."

"உன் பாயிண்ட்ட இனிமே எவனும் தாண்ட முடியாது, சந்தோசந்தான?" என்று காதைக் கடிக்கிறான் அரசப்பன்.

"நாலாவது செங்கல்லயே சாவுது பாருடா, வெக்கங்கெட்ட பொட்டி," என்று சொல்லிவிட்டுத் தேசப்பன் தயிர்சாதத்தைப் பிசைகிறான்.