அவியபுரத்தைத் தேடின அண்ணன்

“ஊரைக் காணலையே தங்கச்சி.”

விடிந்ததும் என் வீட்டுக்கு வந்து, காப்பி டம்ளரைக் கையில் வாங்கும்போதே என் அண்ணன் பாண்டியராஜன் இப்படித்தான் ஆரம்பிப்பான். அவன் சம்சாரம் இறந்தபிறகு அவனுக்குச் சாப்பாடும் புலம்பலும் என் வீட்டில்தான்.

மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவன். கயத்தாறு, கடம்பூர் பக்கம் எந்த ஓடையைத் தாண்டினால் எந்த ஊர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். பாலஸ்தீனத்தில் இல்லாமல் போன சின்னச் சின்ன ஊர்களைப் பழைய மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டி எழுதி வைக்கிறார்கள் என்று எங்கேயோ படித்தான். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். நம் கரிசலில் ஆளில்லாமல் போன ஊர்களை எழுதப்போகிறேன் என்று கிளம்பினான்.

“அங்க ஆளை விரட்டுனாங்க. நாம மழை இல்லாம தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு நாமளா கோவில்பட்டிக்கு வந்தோம். ரெண்டும் ஒண்ணா?” என்றேன்.

“ஒண்ணு இல்லைட்டி. ஆனா ஊரு போனது போனதுதானே?”



அவனுக்கு ஒரு சட்டம் உண்டு. பழைய கணக்கில் ஊர்ப் பேர் இருக்க வேண்டும், அங்கே வாழ்ந்தவர் ஒருவர் வாயால் சொல்ல வேண்டும். இரண்டும் இருந்தால்தான் புத்தகத்தில் சேர்ப்பான். இதில் வினை என்னவென்றால், நாங்கள் பிறந்த கண்ணுசாமிபுரம் எந்தக் கணக்கிலும் இல்லை.

ஒரே தெரு. பருத்தி வெடிக்கிற மாசத்தில் வாசலெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். மழை பெய்தால் கரிசல் மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது, கையில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவோம். இப்போது அங்கே சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. ஊர்ப் பேராவது புத்தகத்தில் இருக்கட்டும் என்றால், இவன் சட்டம் பேசுகிறான்.

“நீ எழுதுத புஸ்தகம்தானே? சேத்துக்கோயேன். எவன் வந்து கேக்கப் போறான்?”

“என் ஊருக்குன்னா தனி நியாயமா? பிறகு மத்த ஊரை எவன் நம்புவான்?”

அச்சாபீஸில் அவசரப்படுத்தினார்கள். மற்ற ஊரெல்லாம் தயார். எங்கள் ஊர் இல்லாமலே புத்தகம் வரப்போகிறது என்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயம் கடம்பூரில் ஒரு கல்யாணம். அப்படியே கண்ணுசாமி அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். எங்கள் ஊர்க்காரர்தான். ஊர் அவர் தாத்தா பேரில் இருந்தது. அதே பேரை இவருக்கும் வைத்திருந்தார்கள். அவர் சம்சாரம் சுடலையம்மாள் மதினி தட்டில் போளி கொண்டுவந்து வைத்தார். அண்ணன் வழக்கம்போலப் புலம்பினான்.

“பழைய கணக்குல நம்ம ஊருக்குப் பதிலா பக்கத்துல ஏதோ அவியபுரம்னு ஒரு ஊரு போட்டிருக்கான் அண்ணாச்சி. அலையாத இடமில்லை. அப்படி ஒரு ஊரே கிடையாது!”

மதினி சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“கணக்கெடுக்க வந்தவரு ஊரு பேரு என்னம்மான்னாரு. எல்லாரும் பருத்திக் காட்டுல. நான் கல்யாணமாகி வந்த புதுசு. புருசன் பேரை எப்படிச் சொல்ல? ‘அவிய பேருதான், அதோட புரம்’னேன். தலையை ஆட்டிட்டு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.”

எங்கள் பக்கம் பெண்களுக்குப் புருசன் என்றால் ‘அவிய’தான். வந்தவர் எந்த ஊர்க்காரரோ, அதையே ஊர்ப் பேராக்கிவிட்டார்.

“ஏட்டி, ஊரையே முழுங்கிட்டு இத்தனை காலம் பேசாம இருந்திருக்கியே!” என்றார் அண்ணாச்சி.

“உங்க பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னாவ. ஊரு போனாப் போகுது. நீங்க இருக்கீயல்லா?”

அண்ணாச்சி குனிந்து போளியைப் பிய்த்தார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இப்பமாவது ஊரு பேரைச் சொல்லுங்க மதினி. கணக்குல பேரு குடுத்தவிய நீங்க, உங்க வாயாலதான் சொல்லணும்.”

“போங்க கொழுந்தனாரே!” என்று அண்ணாச்சியை விரலால் காட்டினார். அதுவே போதும் என்று அண்ணன் எழுதிக்கொண்டான். வாழ்நாளில் அவன் சட்டத்தை வளைத்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது அச்சாபீஸைக் காத்திருக்கச் சொல்லிவிட்டான். பழைய கணக்கில் அர்த்தம் புரியாத பேர்கள் இன்னும் நிறைய இருக்கின்றனவாம். உங்கள் ஊரையும் காணவில்லை என்றால் கோவில்பட்டிக்கு வந்து அவனைப் பாருங்கள். ஆம்பளைகள் மட்டும் வந்து பிரயோசனம் இல்லை. அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.