நீக்கப்பட்டவர் பெயரும் சேர்ந்து வந்த பட்டியல்

தொண்ணூறுகளின் கடைசியில், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் தொழிலாளர் விவகாரங்களைப் பார்க்கும் பெர்சனல் ஆபீசராக இருந்தபோது நடந்தது இது. என் மனைவியை வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மறுநாள் காலை ஆபரேஷன். பி நெகட்டிவ் ரத்தம் இருப்பில் இல்லை, மாலைக்குள் ஒருவரையாவது கூட்டி வாருங்கள், இல்லையென்றால் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்றார்கள். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். எனக்கு அதுவே போதுமான பதிலாக இருந்தது.

மச்சானை அவளருகே உட்காரவைத்துவிட்டு ஆம்பூர் பஸ் ஏறினேன். கம்பெனியில் அடையாள அட்டை கொடுத்தபோது எல்லாத் தொழிலாளிகளின் ரத்த வகையையும் சோதித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தோம். ஏற்றியே ஆக வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியவனே நான்தான். பள்ளிகொண்டா, மாதனூர் என்று பஸ் நின்று நின்று போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டரை முறைத்தேன். அவர் என்ன செய்வார், பாவம்.

வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்த பழைய புரோகிராமுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எல்லார் விவரத்தையும் வரிசையாக அச்சடித்துத் தள்ளும். அதில் பி நெகட்டிவைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ரிப்போர்ட் எடுக்கப் புதிதாக ஒரு மென்பொருள் வந்திருந்தது. அதற்கென்று சேர்ந்த பெண், மென்பொருளோடு வந்த புத்தகத்தில் இரண்டாவது பாடத்தில் இருந்தாள்.

"டேட்டா ஃபைலை இதுல காட்டணும் சார். நமக்கு எது வேணுமோ அதை மட்டும் எடுத்துத் தரும்."

"காட்டும்மா, சீக்கிரம்."

காட்டினாள். திறக்க முடியவில்லை என்றது. டைம் ஆபீஸில் புரோகிராம் ஓடும்போது அந்த ஃபைலை வேறு யாரும் தொட முடியாதாம். புரோகிராமை மூடச் சொல்லி, ஃபைலை ஃபிளாப்பியில் நகலெடுத்தோம். ஃபிளாப்பி பாதியில் மக்கர் செய்தது. இன்னொன்றைத் தேடிப் பிடித்தோம். என்னால் உட்கார முடியவில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தேன்.

"சார், நீங்க நடந்தா எனக்குத் தப்புத் தப்பா வருது," என்றாள்.

நின்றேன். ஒரு வழியாக நகல் அவள் கம்ப்யூட்டரில் ஏறியது. மென்பொருள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுக்கொண்டே போனாள். நான்கு பெயர்கள் வந்தன. ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்து அப்போதுதான் தேறியிருந்தது. ஒரு பெண் நிறைமாத கர்ப்பிணி. ஒருவர் லீவில் வெளியூர். நான்காவது பெயரைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது.

"இன்னாம்மா இது? இவரை வேலையை விட்டு எடுத்து எவ்ளோ நாளாச்சு! இவர் பேர் எப்டி வருது?"

அவள் புத்தகத்தைப் புரட்டினாள். பழைய புரோகிராமில் ஒரு பெயரை நீக்கினால் அது அழிவதில்லை. நீக்கியதாக ஒரு குறி விழும், புரோகிராம் அதை மறைத்துவிடும், அவ்வளவுதான். நீக்கியவற்றையும் காட்டவா என்று புதியது கேட்ட இடத்திலும் இவள் டிக் போட்டிருக்கிறாள்.

"தப்பு சார். எடுத்துட்டு மறுபடி போடறேன்," என்று மௌஸைப் பிடித்தாள்.

நடைமுறைப்படி அதுதான் சரி. "இரும்மா," என்றேன்.

அவர் கட்டிங் பிரிவில் இருந்தவர். கேட் பாஸ் இல்லாமல் அடிக்கடி வெளியே போனார் என்று எச்சரிக்கை, விளக்கம் கேட்பு, விசாரணை, உத்தரவு என்று ஒரு படி தவறாமல் அனுப்பி வைத்தேன். வீட்டில் உடம்பு சரியில்லை என்று விசாரணையில் சொன்னார். பதிவு செய்துகொண்டேன். இப்போது பக்கத்துத் தெருக் கம்பெனியில் இருக்கிறார் என்று கட்டிங் சூப்பர்வைசர் சொன்னார்.

அந்தக் கம்பெனி வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், இங்கயும் டிஸ்மிஸ் பண்ண வந்தீங்களா?"

"இல்ல பாய். என் வீட்டம்மாவுக்கு ஆபரேஷன். உங்க ரத்தம் வேணும்."

"என் குரூப்பு உங்களுக்கு எப்டி தெரியும்? பேரை எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே."

"நான் எடுத்தேன் பாய். கம்ப்யூட்டர் எடுக்கலை."

"அப்போ அது உங்கள விட நல்ல மாதிரி," என்றார். மறுப்பார் என்றுதான் நினைத்தேன். "உங்க மேல கோவம் இல்லாம இல்ல சார். அதுக்கு அவங்க இன்னா பண்ணுவாங்க? இருங்க வர்றேன்."

உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. மனசு மாறிவிட்டார் போலும் என்று வாட்ச்மேனிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். கடைசியில் ஒரு சீட்டைக் காற்றில் ஆட்டிக்கொண்டே வந்தார்.

"நல்லா பாத்துக்குங்க சார், கேட் பாஸ். இதுக்கு கையெழுத்து வாங்கத்தான் லேட்டு."

டாக்சியில் வேலூர் போகும் வழியெல்லாம் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அவர் நன்றாகத் தூங்கினார். ரத்தம் கொடுத்துவிட்டு, வார்டு வாசலில் நின்று என் மனைவியை ஒரு முறை எட்டிப் பார்த்தார். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று இறங்கிப் போய்விட்டார். காலையில் ஆபரேஷன் நடந்தது.

அவரை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவில் ஒரு குறையும் கிடையாது, இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் சமையலறையில் என் மனைவி பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம், குறையில்லாமல் நடந்துகொள்வது எவ்வளவு சின்ன விஷயம் என்று தோன்றி, இருந்த இடத்தில் இருக்க முடியாமல் எழுந்து நடக்கிறேன்.