முச்சந்தியில் ஒரு பொம்மை

என் மகள் அமெரிக்காவில் படித்த அந்த ஒரு பருவம் முழுக்க, எங்கள் வீட்டுக் காலைக் காப்பி ஆறித்தான் போனது. இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே அவளுக்குச் சாயங்காலம். கைப்பேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, நானும் மனைவியும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இப்போது அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். நினைத்தால் பஸ் ஏறி வந்துவிடுகிறாள். காப்பியைச் சூடாகவே குடிக்கிறேன். ஆனாலும் அந்தக் காலைகளை நினைத்தால் ஏதோ செய்கிறது.

நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். குஜிலியம்பாறையிலிருந்து கன்னிவாடி வரை, நாளைக்கு என்ன ஆகுமோ என்று ஊரையே பயமுறுத்திப் பிழைப்பவன். அந்தச் சரக்கில் பாதிக்கு மேல் என்னிடமே தேங்கிக் கிடக்கிறது என்பது வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

போன புதிதில் அவள் தனி அறையில் இருந்தாள். தனியாகச் சாப்பிட்டாள், தனியாக வகுப்புக்குப் போனாள். "துணி துவைக்கிற மெஷின் பக்கத்துல நின்னு அழுதா யாருக்கும் கேக்காதுப்பா" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு நான் எந்த வீட்டிலும் பாலிசியைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாம் மாதம் ஒரு நல்ல சேதி வந்தது. கல்லூரிப் பெண்கள் முப்பது பேர் சங்கமாகச் சேர்ந்து குடியிருக்கும் பெரிய வீடு ஒன்று. ஒருவரையொருவர் சகோதரி என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அங்கே ஓர் அறை காலியாகி, இவளையும் சேர்த்துக்கொண்டார்கள். புதிதாக வருகிறவளுக்கு மூத்தவள் ஒருத்தி அக்கா ஆவது அந்த வீட்டு வழக்கம். யார் என்று சொல்லாமல், ஒரு வாரம் அந்த அக்கா தினமும் அறை வாசலில் ரகசியமாகப் பரிசு வைப்பாள். சனிக்கிழமை விழாவில்தான் முகம் காட்டுவாள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. இவள் தாமதமாகச் சேர்ந்ததால் இவளுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதல் நாள் சாக்லேட். "யாரோ வச்சிருக்காங்கப்பா." யாரோ ஒரு பையன் என்று நான் பதறினேன். இரண்டாம் நாள் மஞ்சள் மெழுகுவத்தி. மூன்றாம் நாள் அவள் கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டியது ஒரு துணிப் பொம்மை. இவளைப் போலவே கறுப்புக் கம்பளி நூலில் இரட்டைச் சடை. கழுத்தில் சிவப்பு நாடா. நெஞ்சில் ஒரு ஊசி.

காப்பி எனக்குப் புரையேறியது.

"அது ஊசி இல்லப்பா, இந்த வீட்டு பேட்ஜ். பின்னு குத்தியிருக்கு."

"அழகாத்தான இருக்கு" என்றாள் மனைவி.

எனக்கு அழகு தெரியவில்லை. டீக்கடையில் என் கூட்டாளியிடம் போய்ச் சொன்னேன். அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"மாப்ள, சடை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஊசி?"

"நெஞ்சுல."

"போச்சு. எங்க சித்தப்பா வீட்டு வாசல்ல இதே மாதிரிதான். மறுநாள்லருந்து மாடு பால் குடுக்கல."

"ஏலே, எம் மக என்ன மாடா?"

"வைக்கிறவனுக்கு அதெல்லாம் தெரியுமா? இடது கையால எடுத்து முச்சந்தியில போடச் சொல்லு. திரும்பிப் பாக்காம வரணும்."

செய்வினையாவது, சூனியமாவது என்று கல்யாண வீடுகளில் மணிக்கணக்காகப் பேசி, நாலு பேரிடம் கைதட்டு வாங்கியவன் நான். அந்தப் பகுத்தறிவு டீக்கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் வியர்வையோடு வடிந்துவிட்டது. மகளை எழுப்பினேன். போட மாட்டேன் என்றாள். அப்படியானால் அடுத்த விமானத்தில் வந்து சேர் என்றேன். அதற்கும் மசியாததால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பாதி நடிப்பு, பாதி நிஜம்.

"சரிப்பா, போடுறேன். நீங்க முதல்ல உக்காருங்க."

அவர்களுக்கு விடிந்ததும், அந்த வீட்டுக்கு எதிரே இருந்த முச்சந்தியில் பொம்மையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்திருக்கிறாள் என் மகள். திரும்பிப் பார்த்திருக்கலாம். வீட்டு மாடி ஜன்னலில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். இவள் வாசலில் நாலாம் நாள் பரிசை வைப்பதற்காகவே சீக்கிரம் எழுந்த அந்த ரகசிய அக்கா.

மறுநாள் காலை வந்த அழைப்பில் மகள் முகம் வீங்கியிருந்தது.

"ஒரு வாரமா அவ கையாலயே தச்ச பொம்மைப்பா. பரிசை வீசுனா அக்கா வேணாம்னு அர்த்தமாம். அவ ரூமைப் பூட்டிட்டு அழுதுருக்கா. யாரும் எங்கிட்டப் பேசல. சனிக்கிழமை எனக்குன்னு யாரும் வரமாட்டாங்க."

மறுபடியும் துணி துவைக்கிற மெஷின் பக்கத்தில் போய் நிற்பாள் என்று நினைத்தபோது, இந்தத் தடவை நடிக்காமலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ, நானே போய்ப் பேசுறேங்கிறா. பேச வேண்டியது நீங்க" என்றாள் மனைவி. "தப்பு பண்ணுனா நம்ம ஊர்ல எப்படிப் போவோம்? தட்டோட போவோம்ல? எடுங்க தட்டை."

வெற்றிலை, பாக்கு, ரெண்டு சீப்பு மலைப்பழம், நாலு முழம் மல்லிகை. கைப்பேசிக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையில் நான். திரையில் என் மகளுக்குப் பக்கத்தில், அவள் கெஞ்சிக் கூட்டிவந்திருந்த அந்த அக்காப் பெண், முகத்தைத் திருப்பிக்கொண்டு. ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் 'சாரி' மட்டும்தான் மிஞ்சியது. அதை நாலு தடவை சொன்னேன்.

"ஏன் பயந்தீங்கன்னு கேக்குறாப்பா."

"வயசுப்புள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்பிட்டு வேற என்ன செய்றதாம்னு கேளு."

மகள் ரொம்ப நேரம் பேசினாள்.

"நான் சொன்னது ஒரு வரி. நீ என்ன கதாகாலட்சேபம் பண்ற?"

"கரப்பான்பூச்சிக்குக் கட்டில் மேல ஏறி நின்னீங்கல்ல, அதையும் சேத்துச் சொன்னேன்."

அந்தப் பெண் முதலில் உதட்டைக் கடித்தாள். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். தட்டு யாருக்கு என்று கேட்டாள்.

"அவளுக்குத்தான்னு சொல்லு" என்றாள் மனைவி. "எங்க புள்ளைக்கு அக்காவா வார்றவளை வெறுங்கையோட கூப்புட மாட்டோம்னு சொல்லு."

இதை மகள் சுருக்கமாகவே சொன்னாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை எப்படி வாங்குவது என்று கேட்டாள். திரையில் கையை வைக்கச் சொன்னாள் மனைவி. வைத்தாள். எங்களுக்குத் தெரிந்தது அவளுடைய உள்ளங்கை மட்டும்தான். அப்புறம் இருவரும் குடையோடு முச்சந்திக்கு ஓடியிருக்கிறார்கள். நம் ஊரில் முச்சந்தியில் கிடப்பதை யாரும் தொட மாட்டார்கள். அங்கே யாரோ ஒரு புண்ணியவான், குழந்தை தவறவிட்டது போலும் என்று பொம்மையை எடுத்து, மழையில் நனையாமல் பஸ் நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே உட்கார வைத்திருந்தார்.

எங்கள் ஞாயிறு காலையில் அவர்களுடைய சனிக்கிழமை விழா நடந்தது. மகள் எங்களை அழைத்துவிட்டு, பேர் கூப்பிட்டதும் கைப்பேசியை மேசைமேல் மல்லாக்க வைத்துவிட்டு ஓடிப்போனாள். எடுக்க மறந்தும் போனாள். ஒரு மணி நேரம் நாங்கள் பார்த்தது அந்த வீட்டுக் கூரையைத்தான். வெள்ளைக் கூரை, நடுவில் ஒரு விளக்கு. கீழே முப்பது பெண்களின் கூச்சல், பாட்டு, கைதட்டல். அந்த இரைச்சலுக்கு நடுவில் என் மகளின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது.

"வச்சிரட்டுமாங்க?" என்றாள் மனைவி.

"செத்த இரு" என்றேன்.