செவுத்துக்குக் குடுத்த பாஸ்

நீங்க எப்பவாச்சும் ஒரு செவுத்தை நம்பி ஃபுட்பால் ஆடியிருக்கீங்களா? நான் ஆடியிருக்கேன். பியூசி படிக்கறப்போலருந்து.

பெங்களூரு ஆஸ்டின் டவுன்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு மண் கிரவுண்டு. ஞாயித்துக்கிழமை காலைல அங்க மூணு கிரிக்கெட் டீமு, ரெண்டு ஃபுட்பால் டீமு, நடுவுல ஸ்கூட்டி கத்துக்கற ஒரு ஆன்ட்டி. எங்க ஏழு பேருக்குக் கெடைச்சது காம்பவுண்டு செவுத்தை ஒட்டின ஓரம். பந்து செவுத்துல பட்டா அவுட் இல்ல, இது எங்க ரூலு. நான் ரைட் விங். எவனாச்சும் குறுக்க வந்தா பந்தை செவுத்துல ஒரு தட்டு தட்டிட்டு ஓடுவேன். அவன் திரும்பறதுக்குள்ள பந்து வந்து என் கால்ல நிக்கும். "சக்கத் மகா!"ன்னு கன்னடத்துல கத்துவானுங்க, சூப்பர்டான்னு அர்த்தம். ஹாஃப் டைம்ல எண்டு மாத்தற பழக்கமே கெடையாது, எனக்கு வலது பக்கம் செவுரு வேணும்ல. ஏழாம் நம்பர் ஜெர்சி வேற. ஏரியால நம்ம கெத்தே தனி.

அந்தக் கெத்தோட ஜோகுபாளையம் பக்கம் ஒரு செவன்ஸ் டோர்னமெண்டுக்குப் போனோம். ஃபர்ஸ்ட் மேட்ச்ல எதிர்ல ஐடி பசங்க. ஏழு பேருக்கும் ஒரே கலர் சாக்ஸ். எங்க கேப்டன் டிஃபென்ஸ்ல ஸ்டாப்பர் ஆடறவன், வாய் ஜாஸ்தி. "மச்சா, இவனுங்க லேப்டாப் தூக்கினாலே மூச்சு வாங்குவானுங்க"ன்னான். அவனுங்கள்ல முன்னாடி போனவன் திரும்பிப் பாத்தான். "அண்ணே, கேக்குது. எனக்கு சேலம்."

மேட்ச் ஆரம்பிச்சுது. முதல் பந்து என் கால்ல. சேலத்துக்காரன் குறுக்க வந்தான். வலது பக்கம் ஒரு தட்டு, ஓடினேன். பந்து வரல. பந்து பாட்டுக்கு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் போயிடுச்சு. ஷூ சரியில்லன்னு கைய ஆட்டிக் காமிச்சேன். ரெண்டாவது வாட்டியும் அதே. மூணாவது வாட்டி சேலத்துக்காரன் நெஜமாவே அக்கறையா கேட்டான், "யாருக்குண்ணே பாஸ் போடறீங்க?"

மூணு-சைபர். வீட்டுக்குப் போன்னுட்டாங்க.

ஜெயிச்சா சிவாஜிநகர்ல கபாப்னு பிளான். தோத்தாலும் பசிக்குதே, போனோம். தட்டு வரதுக்குள்ள ஆளாளுக்கு ஒரு காரணம். ரெஃப்ரி சரியில்ல. வெயில் மூஞ்சில அடிச்சுது. பந்துல காத்து ஜாஸ்தி. இந்தக் கடைசிது நான் சொன்னது.

கோல்கீப்பரோட தங்கச்சியும் வந்திருந்தா. ரீல்ஸ் போடணும்னு முழு மேட்சையும் ஃபோன்ல எடுத்தவ. ஒரு கைல கபாப், இன்னொரு கைல வீடியோ.

"அண்ணா, அந்த சைடுல யாருண்ணா இருந்தா?"

"ஸ்பேஸ்ல போட்டேம்மா. உனக்கு கேம் புரியாது."

"ஒம்போது வாட்டி ஸ்பேஸா?"

ஃபோனை டேபிள் நடுவுல வெச்சா. எல்லாரும் குனிஞ்சு பாத்தோம். தட்டறேன், ஓடறேன், காலியா நிக்கறேன். கீப்பர் மெல்லறதை நிறுத்திட்டு மெதுவா சொன்னான், "டேய்... அது செவுருடா."

பக்கத்து டேபிள் திரும்பிப் பாக்கற அளவுக்கு சிரிச்சானுங்க. கீப்பர்தான் ஜாஸ்தி சிரிச்சான். "நீ சிரிக்காத"ன்னு தங்கச்சி நாங்க வாங்கின ரெண்டாவது கோல் வீடியோவைப் போட்டா. தலைக்கு மேல ஒரு பந்து வருது. நம்ம கீப்பர் குதிக்கல, கையத் தூக்கி "மேல! மேல!"ன்னு கத்தறான். நம்ம கிரவுண்டுல போஸ்ட்டுன்னா ரெண்டு கல்லு. தலைக்கு மேல போனா கோல் இல்ல. அங்க மேல ஒரு கம்பி இருந்துச்சு, பந்து அதுக்குக் கீழ உள்ள போயிடுச்சு.

கேப்டன் கண்ணைத் தொடச்சுக்கிட்டான். "நம்ம டீம்லயே நல்லா ஆடறது அந்த செவுருதான்டா. அதைக் கூட்டிட்டு வரல." அப்புறம் சிரிக்காம என்னைப் பாத்தான். "மச்சா, அது இல்லாம ஒருத்தனைத் தாண்டிக் காட்டு. அதுவரைக்கும் ரைட் விங் உனக்கில்ல."

என் கபாப் தட்டை கீப்பர் தங்கச்சி பக்கம் தள்ளிட்டேன்.

அடுத்த ஞாயிறு கேப்டன் வீட்டுலருந்து கோலமாவு டப்பாவைத் தூக்கிட்டு வந்து, செவுத்துலருந்து ரெண்டடி தள்ளி ஒரு கோடு போட்டான். தாண்டினா அவுட். கல்லுக்கு பதிலா ரெண்டு மூங்கில், மேல ஒரு கயிறு. முதல் மாசம் நான் கேவலமா ஆடினேன், கிரிக்கெட் பசங்க ஆட்டத்தை நிறுத்திட்டு வேடிக்கை பாத்தானுங்க. குறுக்க ஆள் வந்தா என்ன பண்றதுன்னே தெரியல. ஒரு நாள் வேற வழியில்லாம தலையத் தூக்கிப் பாத்தேன். நடுவுல நம்ம ஆளு ஒருத்தன் கைய ஆட்டிட்டு நிக்கறான். "எத்தனை வருஷமாடா நிக்கற?"ன்னேன். "பியூசிலருந்து"ன்னான். அவனுக்குத் தட்டிட்டு ஓடினேன், திருப்பிக் குடுத்தான். செவுரு மாதிரியே. கொஞ்சம் லேட்டா, அவ்ளோதான்.

அது கேப்டனுக்குப் போதுமான்னு தெரியாது. இன்னைக்கு அடுத்த டோர்னமெண்டு. ஒண்ணு-ஒண்ணு. செகண்டு ஹாஃப் ஆரம்பிக்க அஞ்சு நிமிஷம் இருக்கு. ரைட் விங்ல ஏரியாலருந்து புதுசா சேத்த பையன் ஆடறான், நான் பெஞ்சுல உக்காந்திருக்கேன்.