எனக்கு வந்தது சாமி இல்லை

அம்மன் தாயை நம்பி இருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். என் பேர் கார்த்திகா. சொந்த ஊர் ராஜபாளையம். நடந்ததை நேர்ல சொல்லச் சொன்னா என்னால முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனாலதான் எழுதுறேன். எழுதும்போதும் கூச்சமாத்தான் இருக்கு.

போன வருசம் பங்குனிப் பொங்கல் சமயம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க அத்தை வீட்டுல நான் சுவரோட ஒட்டி உக்காந்திருந்தேன். என்னைவிட வயசுல மூத்த பொம்பளையாளுக ஒவ்வொருத்தரா வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாங்க. ஒருத்தி கைப்புள்ளையை என் மடியில போட்டு, "ஆத்தா, இவனுக்குச் சீக்கு வராமப் பாத்துக்கோ" ன்னா. எனக்குச் செத்துப் போயிரலாம்னு இருந்துச்சு.

முதல்ல இருந்து சொல்றேன்.

எங்க அப்பா பேண்டேஜ் துணி நெய்யுற கம்பெனியில தறி மெக்கானிக். நான் ஒரே பொண்ணு. பிளஸ் டூ முடிச்சதும் டான்ஸ்தான் படிப்பேன்னு அடம்பிடிச்சேன். சென்னைப் பக்கம் ஒரு கலைக் கல்லூரி இருக்கு. அங்க பரதநாட்டியத்தையே டிகிரியா படிக்கலாம். கூடவே வரலாறு, மனோதத்துவம்னு வேற துறையிலயும் ஒரு பாடம் எடுத்துக்கலாம். அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. "ஆடுததுக்கு எதுக்கும்மா காலேஜு?" ன்னு கேட்டார். ஆனாலும் அனுப்பி வச்சார். டீக்கடையில யாராவது விசாரிச்சா "ஆர்ட்ஸ் காலேஜ்ல படிக்கா" ன்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சு வந்துருவார். அம்மா இன்னும் ஒரு படி மேல. தெருவுல எல்லார்கிட்டயும் கம்ப்யூட்டர்னே சொல்லி வச்சிருந்தா. லீவுக்கு வந்தா ஆளாளுக்கு என்கிட்ட வேலை எப்போ கிடைக்கும்னு கேட்பாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே போவேன்.

ரெண்டாவது வருசம் படிக்கும்போது வகுப்புல அப்பப்போ ஒண்ணு நடந்துச்சு. அடவு பாதியிலேயே நான் அப்படியே நின்னுருவேன். செத்த நேரந்தான். கண்ணு திறந்திருக்கும், ஆனா எதுவும் தெரியாது. டீச்சர் தட்டுக்கழியைத் தட்டிக் கூப்பிட்டா முழிப்பேன். "எங்க போயிட்ட கார்த்திகா?" ன்னு கேட்பாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. தூக்கம் பத்தலை போலன்னு நானும் சிரிச்சுக்குவேன். மனோதத்துவ வகுப்புல மூளையைப் பத்தி நடத்தினப்போ ஒரு நாள் வலிப்பு பத்தியும் பாடம் வந்துச்சு. நல்லாப் படிச்சேன். பரீட்சையில எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். அது என்னைப் பத்தின பாடம்னு எனக்குத் தோணவே இல்லை.

அந்தப் பங்குனிக்கு, தெரு அம்மன் கோயில் பொங்கல்ல என்னை ஆட வைக்கணும்னு அத்தை ஆசைப்பட்டாங்க. அப்பாவும் அம்மாவும் ராஜபாளையத்துல இருந்து வந்துட்டாங்க. நான் சென்னையில இருந்து ராத்திரி பஸ்ஸுல உக்காந்துக்கிட்டே வந்தேன். பொட்டுத் தூக்கம் இல்லை. அம்மன் முன்னாடி ஆடப் போறோமேன்னு அன்னைக்கு முழுக்க விரதம் வேற. சாயங்காலம் மேடை ஏறினேன். சுத்தி சீரியல் லைட்டு மினுக்கு மினுக்குன்னு இருந்துச்சு. பாட்டுல அம்மன் கோபமா வர்ற இடம். சுத்திச் சுத்தி ஆடணும். ரெண்டு சுத்து நினைவிருக்கு. அம்புட்டுதான்.

முழிச்சப்போ தரையில கிடந்தேன். வாயெல்லாம் ரத்தம். நாக்கைக் கடிச்சிருந்தேன். சுத்தி ஒரே குலவைச் சத்தம். "எம் மருமவ மேல ஆத்தா இறங்கிட்டா!" ன்னு அத்தை அழுதாங்க. யாரோ வேப்பிலையால அடிச்சாங்க. யாரோ ஒரு குடம் மஞ்சத் தண்ணியை என் தலையோட ஊத்தினாங்க. அந்தத் தண்ணி எனக்குப் பெரிய உபகாரம் பண்ணுச்சு. ஏன்னா அதுக்கு முன்னாடியே என் டிரஸ்ஸு நனைஞ்சிருந்துச்சு. அது வேற யாருக்கும் தெரியலை. எனக்குத் தெரிஞ்சது.

பாடத்துல படிச்சது ஒவ்வொண்ணா நினைவுக்கு வந்துச்சு. உடம்பு விறைக்கும், நாக்கு கடிபடும், சிறுநீர் போயிரும். எழுதி மார்க் வாங்கினவ நான்.

அன்னைக்கே அம்மாவைத் தனியா கூப்பிட்டுச் சொன்னேன். "அம்மா, எனக்கு வந்தது சாமி இல்ல. வலிப்பு."

அம்மா கதவைச் சாத்தினா. "எனக்குத் தெரியாதா ஏட்டி? உன் துணியை அலசினது நாந்தானே" ன்னா. பொறவு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "சாமின்னே இருந்துட்டுப் போகட்டும் தாயி. மத்தது வெளிய தெரிஞ்சா உன்னை எவன் வந்து பொண்ணு கேப்பான்? காலேஜ்லதான் ஆட விடுவாங்களா?"



மறுநாள் கோயில் கமிட்டிக்காரங்க வீட்டுக்கு வந்தாங்க. கடைசி நாள் அக்கினிச் சட்டியை நான்தான் எடுக்கணும்னு சொன்னாங்க. அந்தச் சட்டியை எப்பவும் எடுக்கிறது பேச்சியக்கா. மில்லுல வேலை பாக்கிறவங்க. அந்தக் கோயிலுக்கு அவியதான் சாமியாடி. "ஆத்தாளே ஆளைக் காட்டிட்டா, இனி நாம என்ன சொல்ல இருக்கு?" ன்னு கமிட்டித் தலைவர் சொன்னார். வந்திருந்தவங்க எல்லாருக்கும் அப்பா என் டான்ஸ் வீடியோவைப் போன்ல காட்டினார். "எம் மவ. பரதநாட்டியம். அதையே டிகிரியா படிக்கா" ன்னு சத்தமாச் சொன்னார். என் படிப்பை அப்பா வாயால சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எம்புட்டு நாளா ஆசைப்பட்டது! கேக்கக் கேக்க எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

மத்தியானம் கோயில்ல ஆள் இல்லாத நேரமாப் பாத்துப் போனேன். அம்மனை நிமிர்ந்து பாக்க முடியலை. பீடத்தைப் பாத்துக்கிட்டேதான் பேசினேன். "தாயே, நீ என் மேல வரலை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் பேரைச் சொல்லி என் காலைக் கும்பிடுதாங்க. எனக்குச் சொல்ல நாக்கு வரலை. அப்பா முகத்தைப் பாத்தா இன்னும் வரலை. நெருப்புச் சட்டியோட விழுந்துருவேனோன்னு பயமா இருக்கு. நீ வரலைங்கிறதை நீயே சொல்லிரு." இவ்வளவுதான் வேண்டினேன். அழக்கூட இல்லை. யாராவது வந்து அழுகையைப் பாத்துட்டு அதையும் சாமின்னு சொல்லிருவாங்களோன்னு பயம்.

கடைசி நாள் காலையில மஞ்சச் சேலை கட்டி, மாலை போட்டுக் கூட்டிட்டுப் போனாங்க. உறுமி முழங்குது. சட்டியில நெருப்பு தகதகன்னு இருக்கு. பேச்சியக்கா வேப்பிலையைச் சுத்திச் சட்டியை எடுத்து என் கைக்குக் கொண்டுவந்தாங்க. அவங்க முகத்துல ஒரு வருத்தமும் இல்லை. நான் கையை நீட்டினேன்.

அதுக்கு அடுத்து நடந்தது எனக்குத் தெரியாது. மத்தவங்க சொன்னதுதான். வகுப்புல நிக்கிற மாதிரி அப்படியே நின்னுட்டேனாம். கை தானா இறங்கிருச்சாம். பேச்சியக்கா என் கண்ணைப் பாத்துட்டுச் சட்டியை வெடுக்குன்னு தன் பக்கம் இழுத்திருக்காங்க. நெருப்பு அவங்க முழங்கையில கொட்டிருச்சு.

எனக்கு நினைவு திரும்பினப்போ உறுமி நின்னுருந்துச்சு. பேச்சியக்கா பேசிக்கிட்டிருந்தாங்க. சாமி வந்து பேசுற குரல் இல்லை. கடையில காய் வாங்கும்போது பேசுற அதே குரல்.

"இது ஆத்தா இல்லய்யா. புள்ளைக்கு உடம்புக்கு ஆகலை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

கூட்டத்துல ஒருத்தர், "சட்டி கை மாறிருச்சுன்னு பொறாமையில பேசுதா" ன்னார்.

பேச்சியக்கா அவரைத் திரும்பிப் பாத்தாங்க. "எந் தங்கச்சி மவனுக்கு இதே மாதிரி வந்துச்சு. மொதல்ல சாமின்னோம். பொறவு பேயின்னோம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகலை. கிணத்தடியில நிக்கும்போது வந்துச்சு, உள்ள விழுந்துட்டான். ஆத்தா எம் மேல வாரவ. அவ எப்படி வருவான்னு எனக்குத் தெரியும். இது அவ இல்ல."

அப்பா முன்னால வந்தார். "நெசமாம்மா?" ன்னு என்னைக் கேட்டார்.

தெருவே என்னைப் பாத்துக்கிட்டிருந்துச்சு. "ஆமாப்பா. அன்னைக்கு மேடையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டேன்பா. சாமி வந்தா அப்படி ஆகுமா?" ன்னேன். அதைச் சொன்ன நிமிசத்தை நினைச்சா இப்பவும் காது சூடாகுது. அம்மா முந்தானையால முகத்தை மூடிக்கிட்டா. அத்தை தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அப்பா தோள்ல கிடந்த துண்டை எடுத்து என் மேல போர்த்தினார். "வா தாயி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" னார். சட்டியைப் பேச்சியக்காவே எடுத்தாங்க, வெந்த கையோட. நான் கட்டியிருந்த மஞ்சச் சேலையும் மாலையுமாவே வண்டியில ராஜபாளையம் வந்தோம்.

டாக்டர் மதுரைக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வலிப்புதான்னு உறுதியாச்சு. மாத்திரை கொடுத்தார். "ஆடலாமா?" ன்னு அப்பாதான் கேட்டார், நான் இல்லை. மாத்திரையை விடக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, பட்டினி கிடக்கக் கூடாது, மினுக்குற வெளிச்சம் வேண்டாம், மத்தபடி தாராளமா ஆடட்டும்னு டாக்டர் சொன்னார். அப்பா அங்கேயே கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

எல்லாம் ஒரே நாள்ல சரியாயிருச்சுன்னு சொன்னா அது பொய். கல்லூரிக்குப் போனதும் டீச்சர்கிட்டச் சொன்னேன். "எங்க போயிட்டன்னு நான் உன்னைக் கேலி பண்ணினேனேம்மா" ன்னு அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கூடப் படிக்கிறவங்களுக்கும் சொல்லி வச்சோம். மாத்திரை ஆரம்பிச்சும் ஒரு தடவை வகுப்புலயே வந்துருச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வச்சுப் பாத்துக்கிட்டாங்க. தரையைத் துடைச்சது என் ரூம்மேட். அவ முகத்தைப் பாக்க எனக்கு நாளாச்சு. வெட்கம் இன்னும் முழுசாப் போகலை. அதையும் தாய்கிட்டச் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். அத்தை வீட்டுத் தெருவுல என் காலைத் தொட்டவங்கள்ல சிலர் இப்போ என்னைக் கண்டா ஒதுங்கிப் போறாங்க. பொண்ணு கேட்டு வர்றதா இருந்த ஒரு இடமும் நின்னுபோச்சு. அம்மா அதுக்கு அழுதா.

இந்த வருசம் பொங்கலுக்கு அதே மேடையில ஆடினேன். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அப்பா மைக்கை வாங்கினார். "எம் மவளுக்கு வலிப்பு இருக்கு. மினுக்குற லைட்டை மட்டும் அணைச்சிருங்கய்யா. ஆட்டம் நல்லா இருக்கும், உக்காந்து பாருங்க" ன்னு சொல்லிட்டார். திரைக்குப் பின்னால நின்ன எனக்கு உசுரே போன மாதிரி இருந்துச்சு. ஆனா லைட்டை அணைச்சாங்க. உக்காந்து பாத்தாங்க. கடைசி வரைக்கும் ஆடி முடிச்சேன். தாயை அன்னைக்கு நிமிர்ந்து பாத்தேன்.

அந்தத் தாய்க்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்? நான் கேட்டதை அப்படியே செஞ்சா. அவ வரலைங்கிறதை, அவளைச் சுமக்கிற பேச்சியக்கா வாயாலேயே எல்லார் முன்னாலயும் சொல்ல வச்சா. நெருப்பு என் மேல விழாமப் பாத்துக்கிட்டா.

இதை வாசிக்கிறவங்க யாராவது உடம்புல ஒரு சீக்கை வச்சுக்கிட்டு, வெளிய சொல்லக் கூசிக்கிட்டு இருக்கலாம். அவகிட்டச் சொல்லுங்க. நல்ல வார்த்தை தேட வேண்டாம். அழகாக் கும்பிடணும்னும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. சொல்லிட்டு எந்திரிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க. அவ கூடவே வருவா.