ஏழாவது கேள்விக்கு என் பதில்

முதலில் வந்தது கொட்டாவி. கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் கிரேன் ஓட்டுகிறேன். காலை பத்து மணிக்குக் கேபினில் உட்கார்ந்து வரிசையாகக் கொட்டாவி விட்டேன். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகியது. மதியத்துக்குள் கால் எலும்புக்குள் யாரோ முறுக்குவது போல வலி. காய்ச்சல் என்று நினைத்து ஆலை நர்ஸிடம் மாத்திரை வாங்கிப் போட்டேன். குறையவில்லை.

சாயங்காலம் வெளியே வந்து, தெரிந்த லாரி ஓட்டுநர் ஒருவரிடம் பவுடர் வாங்கினேன். பவுடர் என்று நாங்கள் சொல்வது ஹெராயின். சில்வர் தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுத்தேன். ஐந்து நிமிடத்தில் வலி, நீர், எல்லாம் நின்றுவிட்டன.

அப்போதுதான் பயந்தேன். முந்தின நாள் பவுடர் கிடைக்கவில்லை. என் உடம்பு அதைத்தான் கேட்டிருக்கிறது. மருத்துவர்கள் இதை விலகல் நோய் (பழகிய போதை கிடைக்காதபோது உடம்பு படும் பாடு) என்கிறார்கள். வேண்டும்போது விட்டுவிடலாம் என்று ஒன்றரை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது பொய் என்று தெரிந்தது.

என் மனைவி ஸ்டெல்லா சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். அடுத்த வாரம் என் சாப்பாட்டுப் பையைக் கழுவும்போது கருகிய சில்வர் தாள்கள் அவள் கையில் அகப்பட்டன.

"இன்னாய்யா இது?"

"சிகரெட் தாளு."

"நாள் முழுக்கத் தாளுலதான் வேலை செய்றேன். எது சிகரெட் தாளுன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் கத்தவில்லை. தாள்களைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "தலைக்கு மேல பாரம் தூக்கினு போறவன் நீ. கீழ ஆளுங்க நிக்கறாங்க. நாளைக்கு கேபின்ல ஏறாத" என்றாள். சூப்பர்வைசரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி, யார்டில் கம்பிக் கட்டுகளை எண்ணும் வேலைக்கு மாறிக்கொண்டேன். அவள் விடுப்பு எடுத்து என்னைச் சென்னையில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே டாக்டர் வித்யா எங்களைப் பார்த்தார். என்னைவிட வயது குறைந்தவர். பியூப்ரெனார்பின் (மூளையில் ஹெராயின் போய் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு, வலியையும் வெறியையும் அடக்கும் மருந்து) பற்றிச் சொன்னார். பிறகு ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். ஹெராயினை விட வருகிறவர்களுக்கு மனச்சோர்வு, பயம் போன்றவை எவ்வளவு இருக்கின்றன, அவற்றுக்கும் சேர்த்து வைத்தியம் செய்தால் அவர்கள் சிகிச்சையில் நிலைக்கிறார்களா என்று பார்க்கும் ஆய்வு.

ஸ்டெல்லாவுக்குச் சந்தேகம். "எலி மாதிரி வெச்சிப் பாப்பீங்களா டாக்டர்?"

"எலிகிட்ட யாரும் கையெழுத்து வாங்கறதில்லம்மா" என்று அவர் சிரித்தார். "சேரலன்னாலும் இதே மருந்து கிடைக்கும். சேர்ந்துட்டு நடுவுல வேணாம்னாலும் போயிடலாம். நல்லா யோசிச்சி சொல்லுங்க."

சேர்ந்தேன். முதல் மாத்திரைக்கு முன் ஒரு நாள் முழுக்கப் பவுடர் தொடாமல் வரச் சொன்னார்கள். உடம்பில் ஹெராயின் இருக்கும்போது இந்த மருந்தைப் போட்டால் விலகல் நோய் இன்னும் மோசமாகப் பாயும். மருத்துவமனைப் பெஞ்சில் வாந்தியும் நடுக்கமுமாக ஸ்டெல்லாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தேன். மாத்திரையை விழுங்காமல் நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். ஒரே கசப்பு. ஒரு மணி நேரத்துக்குள் என் கால்கள் அமைதியாயின. போதை இல்லை, வலியும் இல்லை. அப்படி ஒரு நிலை இருப்பதையே மறந்திருந்தேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆய்வுக்காக ஒரு கேள்வித்தாள் தருவார்கள். ஏழாவது கேள்வி இது: 'கடந்த இரு வாரங்களில் தங்களுக்குத் தற்கொலை எண்ணங்கள் ஏற்பட்டனவா?' ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்பதில் டிக் அடித்தேன்.

நான்காம் மாதம் சறுக்கினேன். யார்டில் ஒரு சங்கிலி அறுந்து தரையில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு உடம்பு வெடவெடத்தது. அன்று மாத்திரை போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. மூன்றாம் நாள் பவுடரைத் தேடிப் போய் இழுத்தேன்.

ஆய்விலிருந்து துரத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். போகவே வேண்டாம் என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். ஸ்டெல்லா செருப்பை எடுத்து என் முன்னால் வைத்தாள். "துரத்துனா திரும்பி வந்துருவோம். அவங்க துரத்தறதுக்கு முன்னாடி நீயே எதுக்கு ஊட்ல ஒளிஞ்சிக்கினு கீற?"

போய்ச் சொன்னேன். டாக்டர் வித்யா பேனாவை வைத்துவிட்டு முழுதும் கேட்டுக்கொண்டார். "சொன்னீங்க பாருங்க, அதுவே பெரிசு. துரத்த மாட்டோம். ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்குங்க. கொஞ்ச நாள் விட்டுட்டுப் பழைய அளவே எடுத்தா மூச்சு நின்னுடும். உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்திருக்கும்." இதைப் படிக்கும் உங்களுக்கும் இதை அப்படியே சொல்கிறேன். சறுக்கினால் மறைக்காதீர்கள். அன்றே போய்ச் சொல்லுங்கள்.

பிறகு கேள்வித்தாள் வந்தது. ஏழாவதில் 'இல்லை' என்று டிக் அடித்தேன். பேனாவை மூட முடியவில்லை.

"இந்தக் கேள்வி தப்பு டாக்டர்."

"எப்படித் தப்பு?"

"இப்படி கேட்டா எங்க ஆளுங்க எவனும் ஆமான்னு சொல்ல மாட்டான். நான் தூக்கு மாட்டிக்கணும்னு நெனக்கல. ஆனா காலைல எழுந்திரிக்காமலே போயிட்டா தேவலாம்னு தெனம் தோணுது. அத எந்தக் கட்டத்துல போடறது?"

அவர் கேள்வித்தாளைத் தள்ளி வைத்தார். "எவ்வளவு நாளா?" என்றார்.

அப்போதுதான் முருகனைப் பற்றி முதல்முறையாக வாய் திறந்தேன். என்னோடு எட்டு வருஷம் வேலை செய்தவன். நான் தூக்கிய பாரத்தின் சங்கிலி அறுந்து, கீழே நின்ற அவன் இறந்தான். சங்கிலி பழசு, ஓட்டுநர் மேல் தவறில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். லீவரைப் பிடித்திருந்தது என் கை. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. தூக்கத்துக்காகத்தான் பவுடர் வந்தது. ஸ்டெல்லாவுக்கு விபத்து தெரியும். தினமும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது என்பது தெரியாது.

எனக்கு இருந்தது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் (நடந்து முடிந்த கொடுமையை உடம்பு இன்னும் நடப்பதாகவே எண்ணி நடுங்கும் நோய்). கூடவே மனச்சோர்வு. ஹெராயின் இரண்டையும் மூடி வைத்திருந்தது. "ஆய்வு அப்புறம். மொதல்ல இதுக்கு வைத்தியம்" என்றார் டாக்டர். வாராவாரம் அந்த நாளை முதலிலிருந்து கடைசி வரை சொல்ல வைத்தார்கள். முதல் தடவை பாதியில் வாந்தி எடுத்தேன். பத்தாவது தடவை முருகனின் முகம் நினைவுக்கு வந்தது, அதுவரை சத்தம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. பதினைந்தாவது தடவை அவன் அன்று காலை சொன்ன ஒரு ஜோக் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

சில மாதங்கள் கழித்து டாக்டர் வித்யா என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். நெறிமுறைக் குழு (ஆய்வில் சேர்பவர்களின் நலனைக் காக்கும் குழு) அனுமதித்த புதுக் கேள்வித்தாள். ஏழாவது கேள்வி மாறியிருந்தது: 'காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றியதா?' அதன் பிறகுதான் பழைய கேள்வி.

அன்று வெளிப் பெஞ்சில் பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒருவர் கையில் அதே தாள். கண்ணாடி கொண்டு வரவில்லை, படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொன்றாகப் படித்தேன். ஏழாவதில் என் கையைப் பிடித்தார்.

"இத எழுதினவன் யாரு நைனா? என் மனசுக்குள்ள பூந்து பாத்தவனாட்டம் எழுதிக்கீறான்."

"நான்தாண்ணா சொன்னேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ ஆமான்னு போடட்டா?"

"போடுங்க. போட்டுட்டு உள்ள போய் டாக்டர்கிட்ட வாயால சொல்லுங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். எனக்குப் பெருமையில் நெஞ்சு முட்டியது. ஆலையில் எவ்வளவோ டன் தூக்கியிருக்கிறேன். அன்று நான் தூக்கியதுபோல எதையும் தூக்கியதில்லை.

கேபினை விட்டு இறங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, மருத்துவர்கள் சான்று தந்ததும் மீண்டும் ஏறினேன். சங்கிலியை நானே தொட்டுத் தடவிப் பார்த்தேன். கீழே எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு லீவரைப் பிடித்தேன். பாரம் மெல்ல எழுந்து, ஆடாமல் போய், சொன்ன இடத்தில் உட்கார்ந்தது. கீழிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்கிறார்கள். சாப்பிடுகிறேன், குறைந்த அளவில். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஆய்வின் கடைசிச் சந்திப்பு முடிந்து திரும்பிய அன்று, நாங்கள் கண்ணெதிரே கும்மிடிப்பூண்டி ரயிலைத் தவறவிட்டோம். அடுத்ததற்கு முக்கால் மணி நேரம். ஸ்டெல்லா சலித்துக்கொண்டாள். பவுடர் நாட்களில் முக்கால் மணி நேரம் என்பது வியர்வை, நடுக்கம், ஓடிவிடத் துடிக்கும் கால்கள். அன்று கால்கள் சும்மா இருந்தன. வயிறு பசித்தது. வெறும் பசி. இரண்டு சமோசா வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரமும் முழுசாக எங்களுடையதாக இருந்தது. ரயில் வந்தபோது, இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம் என்று நினைத்தேன்.