நந்தியின் இடத்தில் என்னை இருத்தினான்

சிவனை நம்பி வாழும் உறவுகளே, என் முழங்கை நோகத் தொடங்கிய அந்தக் கோடையில் எனக்கு உலகமே இருண்டுபோனது. ஒஸ்லோவில் பேஸ்போல் விளையாடும் தமிழ்ப் பிள்ளை என்றாலே எல்லோரும் சிரிப்பார்கள். நான் இரண்டாம் பிரிவு அணி ஒன்றின் பந்து எறிபவன். முதல் பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடங்குபவன் நான்தான். அந்தப் பெருமையில் மிதந்த காலம் அது.

பாதி ஆட்டத்திலேயே கை களைத்துவிடும். பந்து கண்டபடி போகும். இப்படியே எறிந்தால் கை போய்விடும் என்றார் வைத்தியர். பயிற்சியாளர் என்னைப் புல்பென்னுக்கு, மாற்று எறிபவர்கள் காத்திருக்கும் இடத்துக்கு, அனுப்பினார். மைதான ஓரத்தில், கம்பி வேலிக்குள் உட்காருவதற்கு ஒரு வாங்கு. கடைசி நேரத்தில் கூப்பிட்டால் போய் எறிய வேண்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். கோயிலில் நின்று, என் பழைய இடத்தைத் திருப்பித் தா என்று அழுதேன்.

அக்காதான் வெஸ்ட்லியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து என்னை விளையாட்டுக்குக் காரில் ஏற்றிப் போவாள். அவளிடம் சொன்னேன்.

"புல்பென் எண்டா மாட்டுப்பட்டி தானே?" என்றாள்.

"ஓம், காளை கட்டுற இடம்."

"அப்ப ஏனடா அழுறாய்? சிவன் கோயிலிலை காளை எங்கை இருக்கு? சாமிக்கு நேர முன்னாலை. பேசாமல் போய் இரு, நந்தியாரே!"

அழுகையோடு சிரித்துவிட்டேன். ஆனால் அந்தப் பகிடி மனதில் தங்கிவிட்டது. வாங்கில் இருந்து முணுமுணுப்பதை விட்டுச் சிவநாமம் சொன்னேன். எதிரணிக்காரர் எந்தப் பந்துக்கு அவசரப்படுகிறார் என்று பார்க்கப் பழகினேன். கொஞ்சப் பந்துகளே எறிந்ததால் நோவும் மெல்ல மெல்ல இறங்கியது.

திராமன் நகர அணியுடன் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். மழைத் தூறல். இன்னும் ஒருவரை வெளியேற்றினால் வெற்றி, ஒரு நல்ல அடி விழுந்தால் தோல்வி. பயிற்சியாளர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். மைதானத்தின் நடுவுக்குப் போய்ப் பந்தைக் கையில் எடுத்தேன். "அப்பனே, எனக்கு இடம் வேண்டாம், இந்தப் பந்தை மட்டும் பார்த்துக்கொள்" என்று வேண்டிக்கொண்டு எறிந்தேன். மெதுவான பந்துகள். அடிக்க வந்தவர் மூன்று தடவையும் அவசரப்பட்டுக் காற்றைத்தான் அடித்தார். அவர் வெளியேறினார், நாங்கள் வென்றோம்.

விளையாட்டை விட்டுப் பல வருடங்களாகிவிட்டன. இப்போது நான் வாழும் எல்லிங்ஸ்ருட்டில் மழை பெய்து புல் மணக்கும்போது, அந்த வாங்கில் காத்திருந்த நாட்களுக்காக மனம் ஏங்கும். நான் கேட்ட இடத்தைச் சிவன் கடைசிவரை தரவில்லை. என் கையைத் தந்தான். நேற்றும் அந்தக் கையால் என் மகளைத் தலைக்கு மேலே தூக்கினேன், நோகவில்லை.

உங்களையும் ஓரத்தில் இருத்தியிருக்கிறானா? அழுங்கள், பரவாயில்லை. எழும்பிப் போய்விடாதீர்கள். கூப்பிடுவான்.